அப்பாவுக்கு ராத்திரி அடிக்கடி மூத்திரம்: பிரஷர் மாத்திரையாலா, சுகரா?

அருமனைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு அருமனை பக்கம், நான் இருப்பது கத்தாரில். அப்பாவுக்கு 63 வயது. ஆயுசு முழுக்க ரப்பர் பால் வெட்டுதான், இப்போதும் வெளுப்பதற்கு முன்னாலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார், சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. போன வருஷக் கடைசியில் நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாய்) வைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு டப்பா நிறைய மாத்திரை. டிஸ்சார்ஜ் ஆகும்போது எது எதற்கு என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை, சீட்டில் 1-0-1, 0-0-1 என்று எழுதிக் கொடுத்ததோடு சரி.

இப்போது கொஞ்ச நாளாக ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகிறார். கட்டில் பக்கத்தில் சொம்பு நிறைய தண்ணீர் வைத்தால் விடியும்போது காலியாம். நல்ல சாப்பிடுகிறார், ஆனால் ஆள் மெலிந்துவிட்டார், வீடியோ காலில் பார்த்தாலே கழுத்தெலும்பு தெரிகிறது, சாரம் (லுங்கி) இடுப்பில் நிற்கவில்லை என்று அம்மா சொல்கிறாள். பட்டையில் கத்தி எங்கே போகிறது என்று சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார். இது போக சாயங்காலமானால் இரண்டு காலிலும் கரண்டைப் பக்கம் வீக்கம்.

எங்கள் அத்தை வந்து பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரையில் தண்ணி மாத்திரை சேர்ந்திருக்கிறது, அதுதான் மூத்திரமாகப் போகிறது, அதை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்பாவும் நிறுத்திவிட்டார். இதை அம்மா அவருக்குத் தெரியாமல் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். மாத்திரை அட்டையை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இருப்பது: டெல்மிசார்ட்டான் 40 உடன் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்தது, அம்லோடிபின் 5, மெட்டோப்ரொலால் 25, ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40. இன்னொரு அட்டை பாதி வெட்டியது, பெயரே இல்லை, வெள்ளைச் சின்ன மாத்திரை.

அத்தை சொல்வது சரியா? இல்லை இது சுகரா? ஸ்டென்ட் வைத்தபோது சுகர் பார்டரில் இருக்கிறது என்று சொன்னதாக அம்மாவுக்கு ஒரு நினைவு. பாட்டிக்கும் சுகர் உண்டு. ஆனால் அப்பா இனிப்பே சாப்பிட மாட்டார், டீக்குக் கூட அரை ஸ்பூன்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ், தக்கலை:

மக்களே, முதலில் ஒன்று. இதை வாசித்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக் காலையிலேயே அப்பாவைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொல். சுகர், பிரஷர் இரண்டும் அங்கேயே காசில்லாமல் பார்ப்பார்கள். அதிக மூத்திரம், தாகம், சாப்பிட்டும் மெலிவு, கண் மங்கல், இந்த நாலும் ஒன்றாக வந்தால் வார்டில் இருந்த நாங்கள் டாக்டர் வருவதற்கு முன்னாலேயே விரலில் குத்தி சுகர் பார்த்துவிடுவோம். அவ்வளவு தெளிவான அடையாளம்.

அத்தை சொன்னதில் பாதி சரி. ஹைட்ரோகுளோரோதயசைடு தண்ணி மாத்திரைதான். ஆனால் அது காலையில் போடுகிற மாத்திரை, போட்ட சில மணி நேரத்துக்கு மூத்திரம் கூடுதலாகப் போகும், ஆரம்பித்த சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். ஒரு வருஷமாகப் போடுகிறவருக்குத் திடீரென்று இப்போது, அதுவும் நடுராத்திரியில் நாலு தடவை என்றால் அதன் மேல் பழி போட முடியாது. தண்ணி மாத்திரையால் சாரம் அவிழ்ந்து விழுகிற அளவுக்கு யாரும் மெலிவதும் இல்லை.

சுகர் என்றால் ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன், அப்பாவுக்கும் சொல். ரத்தத்தில் சுகர் ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் கிட்னியால் அதைப் பிடித்துவைக்க முடியாது, மூத்திரத்தில் விட்டுவிடும். சுகர் தனியாகப் போகாது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் மூத்திரம், அதனால் தாகம். சாப்பிட்டது உடம்புக்குள் சேராததால் உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துச் செலவு செய்யும், அதனால் மெலிவு. பழைய ஆட்கள் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்பார்களே, அது இதுதான். கண்ணில் உள்ள லென்ஸும் சுகருக்கு ஏற்றபடி வீங்கிச் சுருங்கும். ஆகவே இப்போது போய்க் கண்ணாடி மாற்ற வேண்டாம், சுகர் இறங்கிச் சில வாரம் நிலையாக நின்ற பிறகு பவர் பார்த்தால் போதும். இல்லாவிட்டால் இரண்டு கண்ணாடிக்குக் காசு.

இனிப்பு சாப்பிடாதவருக்கு எப்படிச் சுகர் வரும் என்ற கேள்வியை என் சர்வீஸ் முழுக்கக் கேட்டிருக்கிறேன். நம்ம ஊரில் மூன்று நேரமும் என்ன சாப்பிடுகிறோம்? காலையில் பழஞ்சி (பழைய சோறு), இல்லையென்றால் புட்டும் பழமும். மத்தியானம் சம்பா அரிசிச் சோறு குவித்து, ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். இந்தச் சோறு, மாவு, கிழங்கு எல்லாம் கடைசியில் சுகராகத்தான் மாறுகிறது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு கூடுதல். பார்டர் என்று சொன்னது வெறும் வயிற்றில் 100-க்கும் 125-க்கும் நடுவே இருந்திருக்கும். 126-உம் அதற்கு மேலும் இருந்தால் சுகர் வியாதி. சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காமல் எடுத்த ரத்தத்திலேயே 200 அல்லது அதற்கு மேல் இருந்து இந்த மாதிரி தொந்தரவும் இருந்தால் அதுவும் சுகர்தான். மூன்று மாதச் சராசரி பார்க்கிற எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல். கூடவே கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், மூத்திரத்தில் புரதம், உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வருகிற கீட்டோன் எல்லாம் பார்க்கச் சொல்.

வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குதல், எப்போதும் தூக்கக் கலக்கம், இதில் ஒன்று வந்தாலும் நாளை காலை வரை காத்திருக்க வேண்டாம், நேரே கேஷுவால்டி. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வண்டிக்கு 108.

63 வயது ஆண் என்பதால் ப்ராஸ்டேட் (மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கத்தையும் டாக்டர் மனதில் வைப்பார். ஆனால் அதில் தாகமும் மெலிவும் வராது, மூத்திரம் விட்டு விட்டு, முக்கி முக்கிப் போகும். அதைக் கேட்டுப் பார். வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், அம்மாவிடம் கேள். அந்த இடத்தில் அரிப்பு இருக்கிறதா என்பதையும் கேள், சுகர் கூடினால் அங்கே பூஞ்சைப் புண் வரும்.

சின்னச்சாமியார்:

கருப்பட்டிக்கு மாறச் சொல்லுங்கள், வெள்ளைச் சீனிதான் விஷம். சிறுகுறிஞ்சான் இலை தினம் நாலு மென்று தின்றால் சுகர் ஓடிப்போகும். இங்கிலீஷ் மருந்து ஒன்றை எடுத்தால் ஒன்பது எடுக்க வேண்டி வரும்.

கடியபட்டணம்:

சிறுகுறிஞ்சான் மென்றபிறகு சீனியை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும், அது உண்மை, சின்ன வயசில் பந்தயம் கட்டிச் செய்திருக்கிறோம். நாக்குக்கு இனிப்புத் தெரியாமல் போவதும் ரத்தத்தில் சுகர் போவதும் ஒன்றா அண்ணாச்சி? கருப்பட்டியும் சீனிதான், பனையிலிருந்து வந்தது என்பதால் ரத்தம் அதைக் கண்டுகொள்ளாமல் விடாது. அக்கானியும் (பதநீர்) அப்படியே. ஸ்டென்ட் வைத்த ஆளிடம் இதைச் சொல்லாதீர்கள்.

அருமனைத் தம்பிக்கு, எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று சொல்கிறேன். அம்மைக்குச் சுகர் பல வருஷம். ஒரு நாள் மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், முகமெல்லாம் வேர்வை, சட்டை நனைந்துவிட்டது, இரண்டு தடவை வாந்தி, நடக்க முடியாத அசதி. நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் எல்லாரும் கேஸ், சோடா குடு, இஞ்சி தட்டிக் குடு என்றார்கள். என் தங்கச்சிதான் விடாமல் ஆட்டோ பிடித்தாள். ஈசிஜி எடுத்தால் அட்டாக். அங்கே இருந்த டாக்டர் சொன்னார், பல வருஷம் சுகர் இருந்தால் நரம்பு மரத்துப்போய் இதயத்தின் வலி கூடச் சரியாகத் தெரியாதாம், வேர்வை, மூச்சு முட்டல், நெஞ்செரிச்சல், அசதி என்றுதான் வருமாம். உங்கள் அப்பாவுக்கு முதல் தடவை வலி வந்ததால் அடுத்த தடவையும் அப்படியே வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதயம் காப்போம் திட்டத்தில் அட்டாக்குக்கு முதலில் கொடுக்கிற மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும். ஆகவே பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்தில் உள்ள சுகாதார நிலையத்தில் முதல் டோஸ் போட்டுவிட்டு 108-இல் போகலாம்.

அப்புறம் உப்பு. பிரஷர் மாத்திரை எத்தனை போட்டாலும் எங்கள் வீட்டில் கருவாடும் ஊறுகாயும் பப்படமும் நிற்காதவரை பிரஷர் இறங்கவில்லை. இதை நான் சொன்னால் அம்மை என்னைத்தான் வைகிறாள்.

மருந்துக்கடை, மார்த்தாண்டம்:

நான் பார்மசிஸ்ட். தம்பி போட்ட லிஸ்டை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எதையும் நிறுத்தவோ கூட்டவோ நான் சொல்லவில்லை, அது டாக்டர் வேலை.

டெல்மிசார்ட்டான்: ரத்தக் குழாயைத் தளர்த்திப் பிரஷரைக் குறைக்கும். சுகர் இருந்து மூத்திரத்தில் புரதம் கசிந்தால் கிட்னியைக் காக்கவும் இதைத்தான் கொடுப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும், அதனால்தான் நர்ஸ் அக்கா பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார். பிரஷருக்கு நல்லது என்று இப்போது விற்கிற சோடியம் குறைத்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கும். டெல்மிசார்ட்டான் போடுகிறவர்கள், முக்கியமாகக் கிட்னி கொஞ்சம் வீக்காக இருப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. பெண்களுக்கு ஒரு வார்த்தை, கர்ப்பமாக இருக்கும்போது இந்த மருந்து கூடாது.

அம்லோடிபின்: உங்கள் அப்பாவின் கால் வீக்கத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இரண்டு காலிலும் சமமாக, சாயங்காலம் கூடி, ராத்திரி படுத்து எழுந்தால் குறைந்திருந்தால் பெரும்பாலும் இந்த மாத்திரை வீக்கம். தண்ணி மாத்திரை போட்டாலும் இது அவ்வளவாகக் குறையாது, டாக்டர் டோஸைக் குறைப்பார் அல்லது வேறு மாற்றுவார். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை இரண்டு வேண்டியிருக்கிறது, சில நாளில் எடை மளமளவென்று ஏறுகிறது என்றால் அது இதயம் தளர்ந்த வீக்கமாக இருக்கலாம். காலையில் முகம் வீங்கி, மூத்திரம் நுரைத்துப் போனால் கிட்னி. ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தால் கதையே வேறு, உடனே காட்ட வேண்டும்.

மெட்டோப்ரொலால்: இதயத் துடிப்பை மெதுவாக்கி இதயத்துக்கு வேலைப் பளுவைக் குறைக்கும். திடீரென்று நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறி நெஞ்சுவலி வரலாம்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும்: ஸ்டென்டில் ரத்தம் கட்டாமல் இருக்க. அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருஷம் இரண்டும், அப்புறம் ஒன்று மட்டும். எப்போது ஒன்றை நிறுத்துவது என்பதை ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போன இடத்தில் யாராவது ஐந்து நாள் நிறுத்திவிட்டு வா என்றாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இந்த லிஸ்டில் பிரஷர் மாத்திரை ஒரு நாள் விட்டுப்போனால் சமாளிக்கலாம், இவை இரண்டும் விட்டுப்போவதுதான் எனக்குப் பயம்.

அட்டோர்வாஸ்டாட்டின்: கொழுப்பு மாத்திரை. எனக்குக் கொழுப்பு நார்மல் ஆகிவிட்டது, இனி வேண்டாம் என்று வாரத்துக்கு ஒருவராவது கடையில் வந்து சொல்கிறார்கள். நார்மல் ஆனது மாத்திரையால்தான். ரத்தக் குழாயில் படிந்த கொழுப்பு உடைந்து அடைக்காமல் இருக்கவும் இது வேண்டும். இது சுகரைக் கொஞ்சம் ஏற்றும், அதை மறைக்கவில்லை, தண்ணி மாத்திரையான தயசைடும் கொஞ்சம் ஏற்றும். ஆனால் பார்டரில் இருந்தவர் இவ்வளவு மெலிகிற அளவுக்குப் போனது இவற்றால் மட்டும் ஆகாது, ஸ்டென்ட் வைத்தவருக்கு இதன் லாபம் அந்த நஷ்டத்தைவிடப் பல மடங்கு. காரணமில்லாமல் உடம்பெல்லாம் சதை வலி, மூத்திரம் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் உடனே சொல்ல வேண்டும்.

அந்த வெட்டின அட்டை விஷயம். எங்கள் கடைக்காரர்கள் குற்றம்தான், பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால் பெயரும் காலாவதி தேதியும் இல்லாத பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த தடவை பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்காரருக்குச் சின்ன வெள்ளை மாத்திரை என்றால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட்டாக இருக்கலாம், ஆனால் ஊகத்தில் வாயில் வைக்கக் கூடாது, சீட்டோடு ஒத்துப் பாருங்கள். அதுதான் என்றால், நின்றுகொண்டு வைக்கக் கூடாது, பிரஷர் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழுந்துவிடுவார். உட்கார்ந்துதான்.

இன்னொன்று, நான் அடிக்கடி பார்ப்பது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து அம்லோடிபின் கொடுத்துவிட்டுப் போவார்கள். தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரைக்குள்ளும் அம்லோடிபின் இருக்கும். பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் இரண்டையும் விழுங்குவார்கள். திட்டம் நல்ல திட்டம், 2021-லிருந்து எத்தனையோ பேருக்கு மாத்திரைச் செலவு மிச்சம், ஆனால் வருகிற பெண்ணிடம் பழைய சீட்டையும் காட்ட வேண்டும்.

கடைசியாக, பால் வெட்டுகிறவர் என்றீர்கள். தோள்வலி, முட்டிவலிக்கு டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிறாரா? அது பிரஷரை ஏற்றும், டெல்மிசார்ட்டானும் தண்ணி மாத்திரையும் போடுகிறவருக்குக் கிட்னியை வேகமாகப் பாதிக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றிலும் குடலிலும் ரத்தம் கசியலாம். கேட்டுப் பாருங்கள்.

அருமனைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து கூட்டிப் போனார்கள். விரலில் குத்திப் பார்த்ததும் 338, உடனே லேபுக்கு அனுப்பினார்கள். மறுநாள் வெறும் வயிற்றில் 214, எச்பிஏ1சி 10.2. கிரியாட்டினின் 1.1, மூத்திரத்தில் கீட்டோன் இல்லை. பிரஷர் 168/100, நிறுத்தியதால்தான். டாக்டர் தண்ணி மாத்திரை சேராத டெல்மிசார்ட்டானாக மாற்றி, சுகருக்கு மெட்பார்மினும் கிளைமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் எழுதியிருக்கிறார். அம்லோடிபின் பாதியாகக் குறைத்தாயிற்று. வெள்ளை மாத்திரை என்ன தெரியுமா, தோள்வலிக்குப் போட்டது, பார்மசிஸ்ட் அண்ணன் சொன்ன அதே டைக்ளோபினாக். அம்மா அதைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

இரண்டு சந்தேகம். அப்பா விடியக்காலை ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் பால் எடுத்து, ரப்பர் ஷீட் அடித்து வந்து சாப்பிட ஒன்பதரை பத்து ஆகும். காலை மாத்திரையை எப்போது போட வேண்டும்? அப்புறம், இங்கே கத்தாரில் நல்ல கம்பெனி மாத்திரை கிடைக்கிறது, வாங்கி ஆள் மூலம் கொடுத்துவிடவா?

ஓய்வுபெற்ற நர்ஸ், தக்கலை:

நல்ல கேள்வி, இதை டாக்டரிடம் சொல்லியிருந்தால் அவரே நேரம் மாற்றி எழுதியிருப்பார், அடுத்த தடவை அப்பாவின் வேலை நேரத்தை அப்படியே சொல்லச் சொல். கிளைமிபிரைடு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். வெறும் சாயாவோடு அதைப் போட்டுவிட்டு மரத்துக்கு மரம் நடந்தால் பத்து மணிக்குள் தாழ்சுகர் வந்து தோட்டத்தில் தனியாக விழுவார். தோட்டத்திலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது மாத்திரை, உடனே சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாமா என்று போனிலாவது டாக்டரைக் கேட்டு உறுதிப்படுத்து. எந்த நாளாவது சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை, அதையும் கேட்டுக்கொள்.

தாழ்சுகர் என்றால் 70-க்குக் கீழே. கை நடுக்கம், படபடப்பு, பசி, வேர்வை, பேச்சுக் குழறல். அப்பா மெட்டோப்ரொலால் போடுகிறார் அல்லவா, அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வேர்வையை மறைக்காது. ஆகவே காரணமில்லாமல் குளிர்ந்த வேர்வை வந்தால் உடனே வாயில் மூன்று ஸ்பூன் சீனி, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். சீனி போட்டும் வேர்வை நிற்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் கடியபட்டணம் தம்பி சொன்னதுதான், 108.

தோட்டத்துக்குச் செருப்பில்லாமல் போகிறாரா? பெரும்பாலும் அப்படித்தான் போவார்கள். மூடிய செருப்போ ஷூவோ வாங்கிக் கொடு, கத்தாரிலிருந்து அனுப்புவதென்றால் அதை அனுப்பு. ராத்திரி அம்மா டார்ச் அடித்து உள்ளங்காலும் விரலிடுக்கும் பார்க்கட்டும். கால் மரத்திருந்தால் முள் குத்தியது தெரியாது.

மருந்துக்கடை, மார்த்தாண்டம்:

மாத்திரை அனுப்ப வேண்டாம். அங்கே பெயர் வேறு, அளவு வேறு, தீர்ந்தால் இங்கே அதே அட்டை கிடைக்காது, பழையதும் புதியதும் ஒரே டப்பாவில் கிடக்கும். இங்கே உள்ளதே போதும், விலைதான் கவலை என்றால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இதெல்லாம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். காசு அனுப்புவதென்றால் கையில் கட்டிப் பார்க்கிற ஒரு நல்ல பிரஷர் மிஷின் வாங்கிக் கொடுங்கள், மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம், மேல்கையில் கட்டுகிறது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், சாயா குடித்து அரை மணி நேரம் கழித்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு தடவை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டும் மாத்திரை அட்டைகளும் ஒரே கவரில் போகட்டும்.